‘டெலி’ எண்டா தூரம்

"சோதினை நெருங்குது புள்ள. கேள்வி கேக்கட்டா?" என்றான் ஜவுபர்.

றாஹிலா கொப்பியை மூடி வைத்தாள். "கேளுங்க மச்சான்."

"கிரேக்கத்துல ‘டெலி’ எண்டா என்ன?"

"தூரம்."

"‘போன்’ எண்டா?"

"சத்தம்."

"அப்ப டெலிபோனுக்குச் சத்தம் எண்டா, டெலிகிராபுக்கு?"

"எழுத்து. ‘கிராப்’ எண்டா எழுத்துத்தானே."

"கடைசிக் கேள்வி. பயோலொஜிக்கு உயிர். ஜியோலொஜிக்கு?"

விடை அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘ஜியோ’ என்றால் பூமி. ஆனால் அவள் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"எப்ப மச்சான் வருவீங்க?"

 ஜவுபர் சந்தோசமாகச் சொன்னான்.

"சரியான விடை! நீ கெட்டிக்காரி புள்ள. இந்தச் சோதினைய பாஸ் பண்ணி உனக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைச்சா, நான் இந்தச் சவூதிய விட்டுட்டு ஊரோட வந்திருவன்."

விடைக்கு இடம்விட்டுப் பேசிப் பதிந்து, றியாத்திலிருந்து அவன் தபாலில் அனுப்பிய கெசட், அத்தோடு ‘டக்’கென்று நின்றது.

றாஹிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெசட்டைக் கடைசிக் கேள்வி வரைக்கும் பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓடவிட்டாள்.

"ஜியோலொஜிக்கு?" என்று கேட்டான் ஜவுபர்.

"பூமி, மச்சான்" என்றாள் அவள்.