தேதி மாறாத மசோதா

மசோதாவின் தேதி மூன்றாவது முறையும் தப்பாகவே வந்திருந்தது.

சட்டசபை அலுவலகத்தில் அச்சுப்பிழை பார்ப்பவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் தூக்கம் வராத ரகம்.

இந்தக் கூட்டத்தொடருக்கு ஓர் உறுப்பினர் ஐந்து தனிநபர் மசோதாக்கள் கொடுத்திருந்தார். நான்கில் குறையே இல்லை. ஐந்தாவது, பள்ளிக்கூட வாசல்தோறும் வேகத்தடை போடச் சொல்வது. அது மட்டும் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியிலிருந்து அமலுக்கு வருமாம்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்வார்கள். இவர் வடிந்துபோன வெள்ளத்துக்கு அணை கேட்கிறார் என்று முதலில் சிரித்துக்கொண்டாள்.

இரண்டு முறை அவள் திருத்தி அனுப்பினாள். இரண்டு முறையும் சிவப்பு மையில் பழைய தேதியையே எழுதித் திருப்பிவிட்டார். ஆக, கைத்தவறு இல்லை. அப்படியானால் என்ன? மதியச் சாப்பாடுகூட அவளுக்கு இறங்கவில்லை.

நாலு மணிக்குள் தேதி சரியாகாவிட்டால் மசோதா தள்ளுபடி என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு அது வெறும் தாள் இல்லை. அவளுடைய மகள் படிக்கும் பள்ளி வாசலிலும் லாரிகள் பறக்கின்றன.

நூலகத்தில் பழைய பேப்பர்க் கட்டைப் புரட்டினாள். அந்தத் தேதிக்கு மறுநாள் ஒரு விபத்து நடந்திருந்தது. பள்ளி வாசலில் கார் மோதி ஏழு வயதுச் சிறுமி பலி. நாலே வரிச் செய்தி, யார் பெயரும் இல்லை.

ஒரு நாள் முன்னால் வேகத்தடை இருந்திருந்தால்!

மனுஷனைப் போய்க் கேலி செய்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, தாளோடு அவர் அறைக்குப் போனாள். தேதியை மாற்றினால்தான் மசோதா பிழைக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்க பொண்ணா சார்?"

அவர் மேஜையைப் பார்த்தபடியே இருந்தார்.

"இல்லம்மா. வண்டி ஓட்டினது நான்."

கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அந்தத் தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு தேதி எழுதினார். அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

புதிதாக என்ன எழுதியிருக்கிறார் என்று சரிபார்க்காமலே பூதக்கண்ணாடி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.