கொம்பன் மாட்டாத சிமிழ்

செவ்வி என்ற மானுக்குக் காது மந்தம். காது கேளாமையைப் பற்றியே காலமெல்லாம் ஆராய்ந்த ஆந்தைப் பேராசிரியர் அவளுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார். அதில் ஒரு பாதி அவள் காதுக்குள் இருக்கும். மறு பாதி ஒரு சின்னச் சிமிழ்.

"பேசறவங்க இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா, எவ்வளவு இரைச்சல்லயும் உனக்குக் கேட்கும்மா," என்றார்.

அன்று மான் மந்தை கூடியது. செவ்வி சிமிழைக் கவ்விக்கொண்டு போய்த் தலைவன் கொம்பனிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா இது? என் குரல் மலைக்கே கேட்கும்," என்று சொல்லிவிட்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பேசினான். காற்றிலும் சலசலப்பிலும் அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பக்கத்து மானிடம் கேட்டாள். "அப்புறம் சொல்றேன்," என்றது அது. சொல்லவே இல்லை.

மறுநாள் ஓடைப் பாதையில் வேடன் வைத்த கண்ணி அவள் காலை இறுக்கியது. இழுத்து இழுத்து, தோல் கிழிய விடுபட்டு, ரத்தம் சொட்ட மந்தைக்கு வந்து சேர்ந்தாள்.

கொம்பன் அவள் முகத்துக்கு நேரே வந்து கத்தினான். "ஓடைப் பக்கம் கண்ணி இருக்குன்னு நேத்தே எல்லாருக்கும் சொன்னேனே."

செவ்வி சிமிழை எடுத்து அவன் கழுத்தில் தானே மாட்டினாள்.

"அந்த எல்லார்ல நான் இல்லையா அண்ணே? இப்போ சொல்லுங்க."

அவள் காதுக்குள் கொம்பனுடைய மூச்சிரைப்பு மட்டும் துல்லியமாகக் கேட்டது.