ஐம்பத்திரண்டு நிமிடம்

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை மேடம். சொல்லப்போனா ரொம்ப நல்லா ஓடுது."

பாத்திரம் கழுவும் மெஷினைப் பழுது பார்க்க வந்த ட்ராவிஸ், தரையில் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார். ஆர்லிஸுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"இப்ப ஓடுதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

"கேக்காது. அதோ, தரையில சிவப்பா ஒரு புள்ளி விழுது பாருங்க. அது இருந்தா ஓடுதுன்னு அர்த்தம். தெரியாம யாராவது நடுவுல கதவைத் திறந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"பழசு டிராக்டர் மாதிரி உறுமும். ஐம்பத்திரண்டு நிமிஷத்துல வேலையை முடிச்சிரும். இது மூணு மணி நேரமா என்ன பண்ணுதுன்னே தெரியலை."

"பழசு தண்ணியை வாரி இறைக்கும். இது அப்படியில்லை. கொஞ்சத் தண்ணியையே வடிகட்டி வடிகட்டித் திரும்பத் தெளிக்கும். மேல்தட்டுக்குத் தெளிக்கிறப்போ கீழ்த்தட்டு சும்மா ஊறும். தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கும். அவசரமே கிடையாது இதுக்கு."

ஆர்லிஸ் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் சத்தமா ஓடுற மாதிரி ஏதாவது பட்டன் இருக்கா?"

ட்ராவிஸ் சிரித்துவிட்டார். "ஒரு மணி நேரத்துல முடியற பட்டன் இருக்கு. ஆனா அதுவும் பூனை மாதிரிதான் ஓடும். பதினாறு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், சத்தம் போடலைன்னு கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்."

காபி வேண்டாம் என்று மூன்று முறை மறுத்து, நான்காம் முறை வாங்கிக் குடித்துவிட்டு அவர் பனிக்குள் இறங்கிப் போனார். ஆர்லிஸ் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபடி நின்றாள். அதற்கு மேல் சுவரில் தொலைபேசி தொங்கியது.

நான்கு வருடத்துக்கு முன், பனி இளகத் தொடங்கும் மார்ச் மாதக் கடைசியில், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அவள் மகன் டெரெக் அப்பாவின் டிரக்கை உறைந்த ஏரியின் மேல் ஓட்டிப்போனான். பனிக்கட்டி உடைந்து டிரக் மூழ்கியது. அவன் நீந்திக் கரையேறினான். அன்று அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது எதையும் திரும்பச் சொல்ல முடியாது. "இனிமே இந்த வீட்டுல அவன் பேரை எடுக்கக் கூடாது" என்றார் அவள் கணவர் வெண்டல். டெரெக் பக்கத்து மாநிலத்து எண்ணெய்க் கிணற்றுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு சாப்பாடு முடிந்து மெஷினைப் போடும் அந்த ஐம்பத்திரண்டு நிமிடம்தான் ஆர்லிஸுக்கும் மகனுக்கும். தொலைபேசியில் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். இடையிடையே தண்ணீர் வடியும்போது மெஷின் அடங்கும். அவளும் வாயை மூடிக்கொள்வாள். "என்னம்மா, தண்ணி வடியுதா?" என்று மறுமுனையில் டெரெக் சிரிப்பான்.

வெண்டலுக்கு அந்த இரைச்சல் ஆகாது. மெஷின் உறும ஆரம்பித்ததுமே, "இதுல என்னத்தைக் கேக்கிறது" என்று டி.வி.யை அணைத்துவிடுவார். சமையலறைச் சுவரை ஒட்டிய நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

பழைய மெஷின் ஒருநாள் தரையெல்லாம் தண்ணீர் விட்டது. மறுநாளே கடைக்காரர்கள் புதியதை வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கிப்போனார்கள். பதினோரு நாளாயிற்று.

சத்தத்துக்காக ஆர்லிஸ் என்னென்னவோ செய்து பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், "தண்ணியை எதுக்கு வீணாக்குற?" என்று வெண்டல் குரல் கொடுத்தார். தரையைச் சுத்தம் செய்யும் மெஷினைப் போட்டாள், "காலையிலதானே பண்ணினே?" என்றார். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. டெரெக்கும் கூப்பிட மாட்டான். மணி அடித்தால் யாரென்று வெண்டல் கேட்பார். கைப்பேசியை நம்பலாமென்றால் அவர்கள் இருக்கும் பள்ளத்தில் சிக்னலே கிடையாது.

டெரெக்கின் மனைவி கெல்சியின் பிரசவத்துக்கு டாக்டர் குறித்திருந்த தேதி போன வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

கூடத்திலிருந்து கைத்தடி தட்டும் சத்தம் வந்தது. வெண்டல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன சொல்லிட்டுப் போறான்? சரி பண்ணிட்டானா?"

"கோளாறே இல்லையாம். இது இப்படித்தான் ஓடுமாம்."

"சத்தமே வராதா?"

"வராதாம்."

வெண்டல் தரையிலிருந்த சிவப்புப் புள்ளியைக் கைத்தடியின் நுனியால் மெல்லத் தொட்டார். அது தடி மேல் ஏறி நின்றது.

"அப்ப பழசையே ஒட்டிப் பார்த்திருக்கலாம்."

"உனக்குத்தான் அந்த இரைச்சலே பிடிக்காதே வெண்டல். நிம்மதியா டி.வி. பாரேன்."

அவர் டி.வி. பார்க்கப் போகவில்லை. தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். தொலைபேசியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பதினோரு நாளா ஒண்ணுமே கேக்கலை, ஆர்லிஸ். குழந்தை பொறந்துச்சா இல்லையா?"