தடயமில்லாமல் அழித்தது

கல்பாத்தியில் வரன் பார்த்துக் கொடுக்கும் லட்சுமிநாராயணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"என் பிள்ளை சாய்கிருஷ்ணா சமாசாரம் உங்க கம்ப்யூட்டர்ல துளிகூட இருக்கப்படாது. அழிச்சதையும் திரும்ப எடுத்துடறாளாமே!" என்று காலையிலிருந்து ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அழித்த இடத்தின் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் மென்பொருளை லட்சுமிநாராயணன் ஓடவிட்டார். கை தவறி எதையோ அழுத்த, ஊரார் ஜாதகம் மொத்தமும் சேர்ந்து அழிந்துபோனது.

"போச்சு! என் பிழைப்பே போச்சு!"

"இனிமே யாராலயும் மீட்க முடியாதோல்லியோ?" வந்தவருக்கு அது ஒன்றுதான் கவலை.

அடுக்களையிலிருந்து மனைவி தர்மாம்பாளின் குரல் வந்தது.

"எதுக்குன்னா இத்தனை கூப்பாடு? எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்றேன், எழுதிக்கோங்கோ. முதல்ல சாய்கிருஷ்ணா, பூரட்டாதி. நிச்சயதார்த்தத்தன்னிக்குக் கொல்லை வழியா ஓடிப்போனானே, அந்தப் பிள்ளை!"