ஓடைக்கு வந்த மாத்திரை

ஐந்து நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார் வைரமணி. குழந்தைகள் கையில் கிடைத்துவிடக் கூடாதென்று மிச்சத்தை அட்டையிலிருந்து பிதுக்கி ஓடையில் போட்டார்.

தண்ணீரில் விழுந்த மாத்திரை, எதிரே நின்ற கிருமியை அதட்டியது. "ஓடிப்போயிடு. உன்னைக் கொல்லத்தான் என்னைச் செஞ்சிருக்காங்க."

"தெரியும்ணே," என்றது கிருமி, நகராமல். "உங்க ஆளுங்க அடிக்கடி வர்றாங்க. முதல்ல எங்களுக்குத் தலை சுத்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வந்ததுல பழகிப்போச்சு."

மாத்திரை கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் வைரமணி வாய் கொப்பளிக்க ஓடையில் இறங்கித் தண்ணீரை அள்ளினார். கிருமி அவர் கைக்குள் ஏறிக்கொண்டது.

"நான் அவர் வீட்டுக்குப் போறேண்ணே. உங்க தம்பிங்க அங்க வந்தா என் பேரைச் சொல்லச் சொல்லுங்க. நல்லா கவனிச்சுக்கறேன்."