சிரிக்கிற காய்காரி

"இன்னாங்க, அவகிட்ட எதுக்குப் பல்லைக் காட்டிக்கினு நிக்கிறீங்க? காயைப் பாத்து எடுங்க!"

எலிசபெத் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பல்லைக் காட்டியவர் அவள் கணவர் தியோடர். வயது எழுபத்தைந்து. பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஞாபக மறதி கிளினிக்கில், கண்ணை மறைக்கும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு உள்ளே ஒரு முழு மார்க்கெட் தெரிந்தது. மற்றவர்களுக்கு அதுவே சுவரிலிருந்த டிவியில் ஓடியது.

பயிற்சி இதுதான். எட்டுக் காய்களின் படம் கண்ணெதிரே ஒரு நிமிடம் வரும், பிறகு மறைந்துவிடும். ஞாபகம் வைத்திருந்து எட்டையும் மார்க்கெட்டில் எடுக்க வேண்டும். காய் விற்பவள் கம்ப்யூட்டரில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்தது இரண்டே வாக்கியமும் ஒரு சிரிப்பும்தான்.

"ஏனு பேக்கு சார்?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தாள் அவள்.

"இன்னா வேணும்னு எவ்ளோ மரியாதையா கேக்குது பாரு!" தியோடர் குழைந்தார். "இன்னா வாங்க வந்தேன்னே மறந்துட்டேன்மா. நீயே பாத்துக் குடு."

எலிசபெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சி கொடுக்கும் பார்கவியிடம் போனாள்.

"நீ புதுசாம்மா? போன வாரம் வேற பொண்ணு இருந்துச்சே."

"அவ போயிட்டா ஆன்ட்டி. சொல்லுங்க."

"எட்டுக்கு ஆறாச்சும் எடுத்தாத்தான் வீட்டுல வெச்சிக்கலாமாம். இல்லன்னா ஹோம்ல சேத்துடணும்னு எம் பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாப்பத்தெட்டு வருசம் ஒண்ணா இருந்துட்டு, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சி பிஸ்கட் பாக்கெட்டோட போய்ப் பாக்கணுமா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவரு என்னடான்னா அவகிட்ட வழிஞ்சிக்கினு நிக்கிறாரு!"

அதற்குள் தியோடர் ஒரு தர்பூசணியைத் தூக்கிக் காய்காரியிடமே நீட்டிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். எலிசபெத் பாய்ந்து போய் ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். பார்கவி தடுக்கவில்லை. பொத்தானைத் தட்டினாள். அவள் கண்ணெதிரே எட்டுக் காய்களின் படம் புதிதாக வந்து மறைந்தது.

"ஏனு பேக்கு சார்?"

"சாரா? என்னைப் பாத்தா சார் மாரியா தெரியுது? கண்ணு தெரியல, சிரிக்க மட்டும் தெரியுது!" எலிசபெத்தின் கை காற்றில் பறந்தது. "அவரைக்கா எடு. பீன்ஸ் எடு. நூக்கோல் முத்தலா இருக்கு, பரவால்ல, போடு. சௌசௌ. பீர்க்கங்கா."

ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்கு நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது. "அப்புறம்... அப்புறம் இன்னொன்னு..."

பார்கவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஸி," என்றார் தியோடர் மெதுவாக. "அது இன்னும் என்னியே பாக்குதா?"

"பச்சமொளகா!" என்று கத்தினாள் எலிசபெத். "ஒரு கூடை எடுத்து உன் சிரிக்கிற வாயில அரைக்கிறேன் இரு!"

ஆறு. அதற்குமேல் காய் எதுவும் வரவில்லை, சண்டைதான் வந்தது. இவ்வளவு வாங்கியதற்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு கேட்டாள். கொசுறு என்பது அந்த மென்பொருளில் இல்லாத சங்கதி. "தன்யவாதா சார்" என்று நன்றி சொல்லிக் காய்காரி சிரிக்க, எலிசபெத் விட்ட அறையில் பார்கவியின் தண்ணீர் பாட்டில் ஜன்னல் வரை பறந்து போய் விழுந்தது.

ஹெட்செட்டைக் கழற்றியவள் மூச்சு வாங்கிக்கொண்டே பார்கவியின் காதருகே குனிந்தாள்.

"இந்த ஆறையும் அவரு பேர்ல எழுதிடும்மா. யாருக்கும் தெரிய வேணாம். அந்த மனுசன் பாவம். ஆண்டவரு மன்னிப்பாரு."

"சரி ஆன்ட்டி. ஆறு போதும். வீட்டுலயே இருக்கலாம்."

எலிசபெத் சிலுவை போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடிக்க முன்னால் போனாள்.

பார்கவி ஃபைலைத் திறந்து, 'நோயாளி: எலிசபெத், வயது 71' என்றிருந்த பக்கத்தில் எட்டுக்கு ஆறு என்று எழுதினாள்.

தியோடர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த டெஸ்ட்டுக்கு அந்தக் காய்காரி தலையில கொஞ்சம் மல்லிப்பூ வெச்சிடும்மா. கோவம் வந்தாத்தான் இவளுக்கு எல்லாம் ஞாபகம் வருது."