கழிவறைக்குப் போகும் வழியில்

"கண்காட்சி இன்னையோட முடியுது. ஒருத்தராவது உன் படத்து முன்னாடி நின்னாங்களா, சொல்லு. நின்ன ஒரு ஆளும் பூட்ஸ் கயிறு கட்டத்தான் நின்னாரு" என்றாள் ஜினெட்.

ஒடீல் பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கிய தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மான்ட்ரியலில் எந்தக் கண்காட்சி நடந்தாலும் அங்கே ஒடீலைப் பார்க்கலாம். விளக்குக் கண்காட்சி, நாற்காலிக் கண்காட்சி, சுவரொட்டிக் கண்காட்சி. வெறும் வெள்ளை அறையைத் திறந்துவைத்து இதுவும் கலைதான் என்று சொன்னால் அதற்கும் போய் வருவாள். வந்த பிறகு நாலு நாள் அதையே பேசி வீட்டில் இருப்பவர்களின் உயிரை எடுப்பாள். இத்தனை வருஷம் வேடிக்கை பார்க்க மட்டும் போய் வந்தவளுக்கு, இந்தக் குளிர்காலத்தில்தான் நகரக் கலை வடிவமைப்புக் கண்காட்சியில் ஒரே ஒரு படம் மாட்ட இடம் கிடைத்தது. துறைமுகத்துப் பழைய கிடங்கு. சனி, ஞாயிறு மட்டும் திறப்பார்கள். மேல்மாடி முழுக்க வடிவமைப்புக்காரர்கள். உட்காரவே முடியாத நாற்காலியைச் சுற்றி அத்தனை கூட்டம். ஒடீலுக்குக் கிடைத்ததோ கீழே, கழிவறைக்குப் போகும் நடை. உள்ளே போகிறவர்கள் ஓட்டமாகப் போனார்கள். வெளியே வந்தவர்கள் ஈரக் கையை உதறிக்கொண்டே மாடிக்குத் திரும்பினார்கள். யார் கண்ணில் படம் படும்?

படாவிட்டால் என்ன என்று சும்மா இருக்கவும் முடியாது. போன மாதம் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கண்காட்சி முடிவதற்குள் முன்பின் தெரியாத ஒருத்தர்கூட நின்று பார்க்கவில்லை என்றால், தூரிகையைப் பரணில் போட்டுவிட்டு, அண்ணன் லூசியனின் டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். இப்போது அந்தக் கல்லாவில் உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறவள் ஜினெட். அவள் வாராவாரம் நாத்தனாருக்குத் துணையாக வந்தது பாசத்தினால்தான் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

"அண்ணி, அந்த ஆள் இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை?" என்றாள் ஒடீல் மெதுவாக.

கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார்.

"அவரா? பொண்டாட்டி உள்ள போயிருப்பா. காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"போன வாரமும் நின்னாரே."

"போன வாரமும் போயிருப்பா."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் ஜினெட். கண்ணால் காணாத அந்த மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தீர்மானித்து, எந்த டாக்டரிடம் போகக் கூடாது என்பது வரை வந்துவிட்டாள். அதற்குள் கண்காட்சியை மூடப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஜினெட் கைப்பையைத் திறந்து கடைச் சாவியை எடுத்தாள்.

"சொல்றேன்னு கோவிச்சுக்காதே. ஒரு கொடி, அஞ்சு சட்டை, பனி. எங்க வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தா இதுதானே தெரியுது? இதுக்கு யாரு நிப்பா? இந்தா, நாளைக்குக் காலைல நீயே போய்த் திற."

ஒடீல் கையை நீட்டினாள்.

"மன்னிக்கணும்" என்றார் ஒல்லிக்காரர். "அஞ்சு சட்டையும் ஒண்ணு இல்லைங்க."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அவர் படத்தருகே போய் நின்றுவிட்டார்.

"நாலு சட்டை உறைஞ்சு பலகை மாதிரி நிக்குது. கடைசிச் சட்டை மட்டும் இன்னும் சொட்டுது. கீழ பனியில குட்டியா ஒரு குழி விழுந்திருக்கு, பாருங்க. அப்போ மாடியில நின்னு துணி போட்டவ இப்பத்தான் உள்ள போயிருக்கா. கூடையில மிச்சத் துணி அப்படியே இருக்கு, கதவைக்கூட சரியா சாத்தலை. என்னமோ ஆயிடுச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் படிக்கட்டுல காலடி தெரிஞ்சுது. புதுசு. மேல ஏறிப் போகுது, இறங்கலை. அவ ரொம்ப நாளா எதிர்பார்த்த யாரோ வந்திருக்காங்க."

அந்தக் குழியைப் பற்றி ஒடீல் யாரிடமும் சொன்னதில்லை.

ஜினெட் எழுந்து போய், மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். குழி இருந்தது. காலடியும் இருந்தது. இந்த ஆளை ஒடீலே ஏற்பாடு செய்து கூட்டிவந்திருப்பாளோ என்று துருவித் துருவி விசாரித்தாள். அவருக்கு ஒடீலின் பெயர்கூடத் தெரியவில்லை. கடைசியில் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, சாவியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான். ஒருத்தர் பார்த்தாச்சு. நாளைக்கும் என் இடுப்புதான் ஒடியணும்" என்றாள். குரலில் கோபம் அவ்வளவாக இல்லை.

ஒடீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவும் எப்போ பார்த்தீங்க?"

"வாராவாரம் வந்தேன். நிறைய நேரம் இருந்துச்சு."

"உங்க வீட்டம்மா உள்ள இருக்கும்போதா?" ஜினெட் விடவில்லை.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க" என்றார் அவர், தொப்பியைத் திருகியபடி. "நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு மேல தொங்குதே, அது என் படம். யாராவது நின்னு பார்ப்பாங்களான்னு வந்தேன். யாரும் நிக்கலை; அதான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்."

இத்தனை வாரமாகத் தான் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரில் ஒரு படம் இருப்பதை, ஒடீல் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.